தேடி அழைப்போம் ஆசிரியரை!
(பத்தாம் வகுப்பு மாணவி)

மருத்துவப் படிப்பு, பொறியியல் படிப்பு என்று நம் வீடுகளில் எட்டாம் வகுப்பிலிருந்தே பேச்சு நடக்கிறது. ஆசிரியர் பணியைப் பற்றிய பேச்சோ, "வேறு எதுவும் கிடைக்காவிட்டால் பி.எட். படித்துக்கொள்ளலாம்" என்ற அளவில் முடிந்துவிடுகிறது. எல்லாத் தொழிலுக்கும் ஆளை உருவாக்கித் தரும் தொழில் கடைசி இடத்தில் நிற்பது முறையா?

நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. நன்னூல், இலக்கணத்தைச் சொல்லத் தொடங்கும் முன்பே, பாயிரத்தில் நல்லாசிரியரின் இயல்பைக் கூறுகிறது. நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கு உவமைகளைக் காட்டுகிறது. ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் சொல்கிறது. ஆகவே, ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய கருத்தன்று.

இன்று ஒரு பெண் பட்டதாரி ஆசிரியை ஆக வேண்டுமானால், பிளஸ் டூவுக்குப் பின் மூன்றாண்டு பட்டப்படிப்பு, அதன்பின் பி.எட். படிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. 1856இல் தோன்றிய சைதாப்பேட்டைக் கல்லூரி போன்ற அரசுக் கல்வியியல் கல்லூரிகள் சிலவே; பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். கணிதத்தில் பட்டம் பெற்ற ஏழை வீட்டுப் பெண் மேலும் இரண்டாண்டு கட்டணம் கட்ட வழியின்றி, கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறாள். நல்ல ஆசிரியை ஒருத்தியை நாம் இழந்துவிடுகிறோம்.

இதற்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை மூன்று என்பது என் கருத்து.

முதலாவது, பட்டப்படிப்பையும் பி.எட்.டையும் இணைத்து நான்காண்டில் முடிக்கும் படிப்பை மாவட்டந்தோறும் தொடங்க வேண்டும். மைசூரில் 1963இல் நிறுவப்பட்ட மண்டலக் கல்லூரி நெடுங்காலமாக இத்தகைய படிப்பை நடத்தி வருகிறது. 2023இல் நாட்டின் வேறு சில உயர்கல்வி நிறுவனங்களிலும் இது தொடங்கப்பட்டது. பேராசிரியர்கள் மேல்நிலைப் பள்ளிகளுக்கே வந்து, ஆர்வமுள்ள மாணவியரைத் தேடி அழைக்கட்டும்.

இரண்டாவது, பயிலும் காலத்திலேயே உதவித்தொகை தர வேண்டும். சிங்கப்பூரில் பயிற்சி பெறும் ஆசிரியருக்குச் சம்பளமே உண்டு. பதிலுக்கு அவர்கள் சில ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். நம் மாநிலத்திலும் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், 2022ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்றுதான் தொடங்கப்பட்டது. ஆசிரியப் பயிற்சிக்குச் சற்றுக் கூடுதலாகத் தருவது அரிதன்று.

மூன்றாவது, பயிற்சி பள்ளியில் நடக்க வேண்டும். பி.எட். மாணவர்கள் 20 வாரம் பள்ளியில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. அந்த நாட்களில் அவர்களைக் காலியான வகுப்புக்குக் காவலாக உட்கார வைக்காமல், அனுபவம் மிக்க ஓர் ஆசிரியரின் அருகிலிருந்து கற்கச் செய்ய வேண்டும். ஒரு பகுதியேனும் கிராமப் பள்ளியில் அமைய வேண்டும்.

"படித்து முடித்தவர்களே வேலையின்றிக் காத்திருக்கிறார்களே, இன்னும் ஆசிரியர் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எந்தப் பாடத்துக்கு, எந்த மாவட்டத்தில், எத்தனை பேர் தேவை என்று கல்வித்துறையும் பல்கலைக்கழகமும் கூடிக் கணக்கிட்டு இடங்களை ஒதுக்கினால், காத்திருப்போரும் குறைவர்; காலியிடங்களும் குறையும்.

கற்பிக்கும் ஆர்வம் நம் பெண்களிடம் குறைந்துவிடவில்லை. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திற்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு முன்வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. மாலை நேரத்தில் தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்த அந்த அக்காமாரைப் பல்கலைக்கழகங்கள் பெயர் சொல்லி அழைத்திருக்கலாகாதா?

அன்பார்ந்த பெற்றோர்களே! நான் கணித ஆசிரியை ஆக விரும்புகிறேன். என்னைப்போல் இன்னும் சிலர் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். உங்கள் மகள் இந்த ஆசையைச் சொன்னால், "மதிப்பெண் இவ்வளவு இருக்க, இது எதற்கு?" என்று கேட்காதீர்கள். நல்ல மதிப்பெண் பெறுகிறவர்கள்தான் இப்பணிக்கு வர வேண்டும். பல்கலைக்கழகம் கதவைத் திறக்கட்டும்; வீடு அனுப்பி வைக்கட்டும்.