அந்தப் பையனைப் பேச விடுங்களேன்!

பழைய வானொலி நாடகத்தில் வரும் ஹென்ரி ஆல்ட்ரிச்சை யாராவது ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க விட்டிருந்தால் அவனுக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி வந்தே இருக்காது. என் ஆதங்கமே அதுதான்.

அமெரிக்க வானொலியில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்த குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் பழைய பதிவுகள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்பது என் வழக்கம். பிடித்துத்தான் கேட்கிறேன். ஆனாலும் பாதி நாடகத்தில் ‘ஐயோ, அவன் சொல்ல வருவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்களேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

ஹென்ரியை உருவாக்கியவர் கிளிஃபோர்ட் கோல்ட்ஸ்மித். 1938-இல் பிராட்வேயில் அரங்கேறிய அவருடைய நாடகத்தில் பிறந்த பையன் அவன். 1939 கோடையில், நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி விடுமுறையில் போன இடத்தை நிரப்புவதற்காக ‘தி ஆல்ட்ரிச் ஃபேமிலி’ தனித் தொடராக வந்தது. அதன்பின் 1953 வரை ஓடியது. தொடக்கத்தில் அம்மா அவன் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிடுவாள். மகரக்கட்டு உடைகிற குரலில் ‘வரேம்மா’ என்று பதில் வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எஸ்ரா ஸ்டோன். தொடர் தொடங்கியபோது அவருக்கு இருபத்தொரு வயது. நடுவில் போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் போய் வந்து, முப்பதைத் தாண்டிய பிறகும் அதே பள்ளிக்கூடப் பையனாகப் பேசினார்.

கதை எப்படிப் போகும் என்பது கொஞ்ச நாள் கேட்டவர்களுக்கு அத்துப்படி. சனிக்கிழமை நடனத்துக்கு ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டும். தொலைபேசி நடுக்கூடத்தில் இருக்கிறது, பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். எண்ணைக் கேட்டு வாங்கி, தொண்டையைச் செருமி, பெயரைச் சொல்ல வாயெடுப்பான். அப்பா ஏதோ ஒரு வேலையை நினைவுபடுத்துவார். அக்கா தனக்கு அவசரமாகத் தொலைபேசி வேண்டும் என்பாள். நண்பன் ஹோமர் வாசலில் வந்து நிற்பான். இந்தக் களேபரத்தில் எதிர்முனையில் இருக்கும் பெண்ணுக்குப் பாதிச் சொல்தான் போய்ச் சேரும். அந்தப் பாதியை வைத்து அவள் ஒன்று நினைப்பாள், அவளுடைய அம்மா வேறொன்று நினைப்பாள். சனிக்கிழமைக்குள் ஊரே குழம்பிப் போயிருக்கும். கடைசியில் அப்பா, ‘இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?’ என்று பையனைக் கடிந்துகொள்வார்.

முதலிலேயே சொல்லத்தானே வந்தான் அவன்! விட்டால்தானே?

வானொலிக்கு இந்தக் குழப்பம் வசதியானது என்பது எனக்கும் தெரிகிறது. முகத்தைக் காட்ட முடியாத ஊடகத்தில் தொலைபேசிதான் மேடை. பாதி காதில் விழுந்த பேச்சு, ஆள் மாறிப் போன அழைப்பு எல்லாம் கேட்பவர் மனத்தில் உடனே படமாக விரியும். எழுத்தாளரின் சாமர்த்தியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் சிரிப்பு எழுவது, ஒரு பிள்ளையின் பேச்சைப் பெரியவர்கள் வெட்டும் அந்த ஒரே இடத்தில் என்றால் மனசு கேட்கவில்லை. அவன் பயந்து போயிருக்கிறான். ஒரு பெண்ணிடம் முதன்முதலாக ‘வருகிறாயா’ என்று கேட்பது பதினாறு வயதில் எவ்வளவு பெரிய காரியம்! அதற்கு ஐந்து நிமிட அமைதியைக் கொடுக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, பையனாவது எண்ணைச் சுழற்றினான். எதிர்முனையில் காத்திருக்கும் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமை. அவள் கூப்பிடக் கூடாது. கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வழக்கம் ஆதிகாலத்திலிருந்து வந்ததும் இல்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் பெத் பெய்லி 1988-இல் வெளிவந்த தன் நூலில் இதை விளக்குகிறார். முந்தைய தலைமுறையில் இளைஞன் பெண் வீட்டுக்கு வருவான். வரச் சொல்லும் உரிமை பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் இருந்தது. சந்திப்பு வீட்டைவிட்டு வெளியே, காசு செலவாகும் இடங்களுக்குப் போனதும், செலவழிப்பவன் கையில் அழைக்கும் உரிமை போய்ச் சேர்ந்தது. நாடகங்களைக் கேட்டால் இது அப்படியே தெரியும். பையனுக்குக் கைச்செலவுக் காசு போதவில்லை, அப்பாவின் கார் சாவி கிடைக்கவில்லை, பூச்செண்டு வாங்க வழியில்லை என்று அவன் கவலையெல்லாம் பணம். பெண்ணுக்குக் கவலைப்படக்கூட ஒன்றும் மிச்சமில்லை, காத்திருப்பதைத் தவிர.

1943-இல் வந்த ‘மீட் கார்லிஸ் ஆர்ச்சர்’ ஒரு பெண்ணின் பெயரில் வந்த தொடர். கார்லிஸாகப் பேசிய ஜேனட் வால்டோவின் துள்ளும் குரலை நாள் முழுக்கக் கேட்கலாம். ஆனால் அதை எழுதிய எஃப். ஹியூ ஹெர்பர்ட் அதே கார்லிஸை வைத்து அதே ஆண்டு பிராட்வேக்குக் கொடுத்த ‘கிஸ் அண்ட் டெல்’ நாடகத்தைப் பாருங்கள். அண்ணன் ரகசியக் கல்யாணம் செய்துகொள்கிறான், அவன் மனைவி கர்ப்பமாகிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இவள் வாயைத் திறக்கவில்லை. ஊர் இவள்தான் கர்ப்பம் என்று பேசுகிறது. அரங்கம் சிரிக்கிறது. பழி சுமக்கும் அந்தப் பெண்ணை உட்காரவைத்து ‘என்னம்மா நடந்தது?’ என்று பொறுமையாகக் கேட்க ஒரு பெரியவர் இல்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

1949-இல் ராபர்ட் யங் நடித்து வானொலியில் வந்த ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்’ தொடரில் அப்பாவுக்குக் குத்தலான நாக்கு. தொலைக்காட்சியில் பார்த்த சாந்தமான அப்பா பின்னால் வந்தவர். அந்தத் தொலைக்காட்சித் தொடரில் மகனாக நடித்த பில்லி கிரே, பெரியவரான பின் அதைப் பற்றி வருத்தத்தோடுதான் பேசினார். பெண் பிள்ளைகளுக்கு நேராகப் பேசுவதை விட்டுத் தந்திரத்தைக் கற்றுக்கொடுத்தோம் என்பது அவர் குறை. நடித்தவரே சொன்ன பிறகு நான் சொல்வதில் என்ன தப்பு?

எனக்கு ஆறுதல் தருவது ‘எ டேட் வித் ஜூடி’. 1941-இல் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் கோடை விடுமுறை இடத்தில் தொடங்கி 1950 வரை வந்தது. உருவாக்கியவர் அலீன் லெஸ்லி என்ற பெண். குளறுபடிகளுக்கு இங்கேயும் பஞ்சமில்லை. காதலன் ஊகி பிரிங்கிளோடு ஜூடிக்கு ஓயாத சண்டை, அப்பாவுக்கு ஓயாத தலைவலி. ஆனால் ஜூடி காத்துக்கொண்டிருப்பவள் இல்லை. திட்டம் அவளுடையது, கோபம் அவளுடையது, தப்புக்கணக்கும் அவளுடையதே. அப்பா குறுக்கே பேசினால் அவளும் குறுக்கே பேசுவாள். ஜூடியாக நடித்த லூயிஸ் எரிக்சன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகும்போது, இந்த ஒரு வீட்டிலாவது ஒரு பிள்ளைக்குப் பேச இடம் கிடைத்ததே என்று நிம்மதியாக இருக்கிறது.

இந்தத் தொடர்களைக் கேட்க நினைப்பவர்கள் ஹென்ரியில் ஆரம்பிக்காதீர்கள். ஜூடியில் ஆரம்பியுங்கள். ஒலிபரப்பானவற்றில் பல காற்றோடு போய்விட்டன. எஞ்சிய பதிவுகள் கொஞ்சம்தான். கிடைப்பதைத் தேடிக் கேளுங்கள்.