துண்டுக்குள்ளே விரல்!

மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அறிவார்கள், அங்கே விலையை வாய்விட்டுப் பேசுவதில்லை. தரகர், தோளிலே கிடக்கும் துண்டை எடுத்துக் கைமீது போர்த்துக்கொள்வார். அடுத்தவரின் கை அந்தத் துண்டுக்குள்ளே நுழையும். விரல் விரலைத் தொடும். தலை அசையும், அல்லது அசையாது. சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் என்ன விலை பேசப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது. விற்றவனிடம் ஒரு தொகை, வாங்கியவனிடம் வேறொரு தொகை கேட்டு, இடையிலே உள்ளதைத் துண்டுக்காரர் மடியிலே முடிந்துகொண்டு போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

பட்டிக்காட்டுப் பழக்கம், படியாதவர் வழக்கம் என்று பட்டணத்துப் படிப்பாளி நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! நகைத்து முடிந்ததும் அவரைக் கைபிடித்து டில்லி மாநகர் ஓக்லாவுக்கு அழைத்துச் செல்வோம். அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது ‘இந்தியா ஆர்ட் ஃபேர்’ என்ற கலைச் சந்தை. 2008இல் பிரகதி மைதானத்திலே, வேறு பெயரில் தொடங்கியது. அதற்கு மூத்தவை அயல்நாட்டிலே உண்டு: 1967இல் ஜெர்மனியின் கொலோன், 1970இல் சுவிட்சர்லாந்தின் பாசல். வெண்சுண்ணம் பூசியதுபோன்ற தடுப்புச் சுவர்கள். பட்டப்பகலை வெட்கப்படச் செய்யும் விளக்குகள். சுவருக்கு இரண்டு மூன்று ஓவியங்கள். ஓவியத்தின் அருகே சிறு அட்டை. அதிலே ஓவியர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், அளவு இருக்கும். விலை? பல அறைகளிலே அது இராது. கேட்பவருக்குச் சொல்வார்கள். எல்லாரும் கேட்டுவிட முடியுமா? உடையைப் பார்ப்பார்கள், உடன் வந்தவரைப் பார்ப்பார்கள், பிறகு காதோடு காதாக ஒரு தொகை. அடுத்து வருபவருக்கு அதே தொகைதானா? அது துண்டுக்கே வெளிச்சம்!

சந்தையே கூடாது என்று வாதாட வரவில்லை நான். ஓவியனும் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், வண்ணமும் துணியும் கடனுக்குக் கிடைப்பதில்லை. “கலைஞன் காசைப் பற்றிப் பேசலாமா?” என்று கேட்பவர்கள், அந்தக் கலைஞனின் படத்தை வைத்துக் காசு பண்ணுபவர்களாகவே பெரும்பாலும் இருக்கக் காண்கிறோம். என் வழக்கு வேறு. சந்தை என்றால் சந்தையாக இருக்கட்டும். கோயில் வேடம் எதற்கு என்பதுதான்.

வேடம் என்றேன், விளக்குகிறேன். அந்த வெள்ளை அறையிலே நுழைந்தவுடன் குரல் தாழ்கிறது, நடை மெதுவாகிறது, தொடாதே என்கிறார்கள், எட்டி நில் என்கிறார்கள். கருவறைக்கு முன்னே நின்றவர்களுக்குப் பழகிப்போன கட்டளைகள்! இடையிலே ஒருவர் நிற்கிறார். கேலரிக்காரர் என்பார்கள், நாம் காட்சியகத்தார் என்போம். படைத்தவன் வாங்குபவனோடு நேரே பேசலாகாது, வாங்குபவன் படைத்தவன் வீட்டுப் படியேறலாகாது. எல்லாம் இடையிலே நிற்பவர் வழியாக. அவர் உச்சரிப்பதோ நமக்குப் புரியாத மொழி. ஓவியத்தைப் பற்றி ஆங்கிலத்திலே அரைப்பக்கம் எழுதித் தொங்கவிடுகிறார்கள். அந்த ஆங்கிலம் அறிந்தவரே மூன்று முறை படித்தும் பொருள் காணாமல் திகைப்பார். புரியாமல் இருப்பதுதான் அதற்குப் பெருமை, மந்திரத்துக்கு இருந்த அதே பெருமை!

தனி ஓவியன் அங்கே போய்த் தன் படத்தை மாட்ட இயலாது. காட்சியகத்துக்குத்தான் அங்கே இடம். எந்தக் காட்சியகத்துக்கு இடம் என்று ஒரு குழு தேர்ந்தெடுக்கும். இடத்துக்கு வாடகை, சதுர மீட்டர்க் கணக்கிலே. படம் ஒரு லட்ச ரூபாய்க்கு விற்றது என்று வையுங்கள். வழக்கமாகப் பாதி காட்சியகத்துக்கு, பாதி ஓவியனுக்கு. நல்லது. ஆனால் வாங்கியவர் பழைய வாடிக்கைக்காரர், பத்து விழுக்காடு தள்ளுபடி கேட்டார். அந்தப் பத்தாயிரம் யார் பங்கிலே கழியும்? சட்டம் கட்டிய செலவு, லாரியிலே ஏற்றிய செலவு, காப்புறுதிச் செலவு, இவை யார் தலையிலே? பணம் எப்போது கைக்கு வரும், விற்ற மறுவாரமா, மறு ஆண்டா? எழுத்திலே இருந்தால் விடை உண்டு. எழுத்திலே இல்லாவிட்டால், “நமக்குள் என்ன கணக்கு, நாமெல்லாம் ஒரே குடும்பம் அல்லவா” என்ற பாசவுரைதான் விடை. குடும்பம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது இந்நாட்டுப் பண்ணைகளுக்குப் பழகிய பாட்டு.

காட்சியகத்தார் எல்லாரும் கொடியவர் என்று கூறிவிட்டால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. சிறிய காட்சியகம் நடத்துபவர் படும் பாட்டை நான் அறிவேன். விற்றாலும் விற்காவிட்டாலும் வாடகையைக் கட்டியே தீரவேண்டும். நான்கு நாள் நின்று, கால் கடுத்து, கைக்காசை இழந்து திரும்புவோர் உண்டு. 2016இல் டில்லிச் சந்தையிலே பங்கு வாங்கியது எது? பாசல் சந்தையை நடத்தும் அதே சுவிஸ் நிறுவனம்! படம் விற்குமா விற்காதா என்று அஞ்சி அஞ்சிச் சாவது ஓவியனும் சிறு காட்சியகத்தாருமே. தரைக்கு வாடகை வாங்குபவனுக்கு அந்த அச்சமில்லை.

அந்த அச்சம் படத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது என்பதுதான் பெருங்கேடு. வாடகை மீள வேண்டுமே! ஆகவே விற்கும் என்று தெரிந்ததையே கொண்டுபோவார்கள். “சென்ற ஆண்டு விற்றது போலவே இன்னொன்று தாருங்கள், நீலத்திலே இருந்தால் நல்லது” என்று கேட்பார்கள். ஓவியன் என்ன செய்வான்? தன்னைத் தானே படியெடுக்கத் தொடங்குகிறான். மலக்குழியிலே இறங்கியவனின் முகத்தை எழுத நினைத்தவன், மாளிகை வரவேற்பறைக்குப் பொருந்தும் மயிலை எழுதுகிறான். யாரும் தடை விதிக்கவில்லை, தணிக்கை செய்யவில்லை. வாடகை விதித்தார்கள், அவ்வளவே!

இனி, நம் ஊர்ப் பக்கம் வருவோம். வாலாஜாபாத். பாலாற்றங்கரை. காஞ்சிக்குப் போகும் வழியிலே அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை, தறி ஓசை கேட்கும் ஊர்கள். அங்கே ஒரு நெசவாளியின் மகன் படம் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலாஜாபாத்திலே ரயிலேறிச் செங்கற்பட்டு வழியே சென்னைக்கு வந்து, பெரியமேட்டிலே, பெரியார் பெயர் தாங்கிய சாலையிலே நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரியிலே சேர்கிறான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. கைத்தொழிலும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்ட இடம்.

பட்டம் பெற்றவுடன் மகன் ‘கலைஞன்’ ஆகிறான். தகப்பன்? ‘கைவினைஞர்’. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடாக்களை ஓட்டி, துணைக்கு ஓர் ஆளை வைத்து, இழையோடு இழை கோத்துக் கோர்வைச் சேலை நெய்கிறாரே, அங்கே அறிவில்லையா? கணக்கில்லையா? கற்பனையில்லையா? உண்டு, ஆனால் அவர் நெய்தது ‘பொருள்’, மகன் தீட்டியது ‘படைப்பு’. அவர் பெயர் சேலையிலே இராது. கடைக்காரர் பெயர் பையிலே கொட்டை எழுத்திலே இருக்கும். மூளை உழைப்பு மேல், கை உழைப்பு கீழ். யார் இட்ட கோடு இது? மனு இட்ட கோட்டின்மேல் மேல்நாட்டு வண்ணம் பூசியிருக்கிறார்கள், வேறென்ன! அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதாக மகன் மகிழ்வானானால், தகப்பனை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டுத் தாண்டியிருக்கிறான் என்று பொருள்.

கோட்டை அழித்துக் காட்டியவர்களும் உண்டு, நம் கண்ணெதிரே. 1966. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரை. அந்தக் கல்லூரியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டி, ‘சோழமண்டலம்’ என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார். பணம் எங்கிருந்து வந்தது? எந்தக் கோமான் கொடுத்தார்? ஒருவரும் கொடுக்கவில்லை. படம் வாங்க ஆளில்லாத காலம் அது. ஆகவே பகலிலே துணியிலே மெழுகு தடவிச் சாயம் ஏற்றி பாத்திக் செய்தார்கள், உலோகத்தை வளைத்தார்கள். அந்தக் கைவினைப் பொருளை விற்ற காசிலே நிலம் வாங்கினார்கள், குடிசை போட்டார்கள், எஞ்சிய பொழுதிலே ஓவியம் எழுதினார்கள். ‘கீழான’ கைத்தொழில்தான் ‘மேலான’ கலைக்குச் சோறு போட்டது! சாய வாளியிலே கைவிட்டதால் அவர்கள் ஓவியம் தாழ்ந்துவிட்டதா? இந்திய ஓவிய வரலாற்றிலே ‘சென்னை இயக்கம்’ என்று தனி அத்தியாயமே எழுதுகிறார்கள் இன்று.

அதே கிராமத்திலே வாழ்ந்தவர் கே. ராமானுஜம். மைக்கோடுகளாலே கனவு நகரங்களைக் கட்டியவர். வறுமையும் தனிமையும் தின்ற வாழ்வு. 1973இலே, முப்பதை ஒட்டிய வயதிலே, மறைந்தார். இன்று அவர் சித்திரங்களுக்கு ஏலக்கூடங்களிலே போட்டி. உயிரோடிருந்தபோது கிடைக்காத சோற்றுக்கு, இப்போது கைமாறும் பணத்திலே என்ன கணக்கு?

கணக்கு ஒன்று இருக்கிறது, தோழர்களே! சட்டப் புத்தகத்திலே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957. அதிலே 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 53ஏ பிரிவு. ஓவியமோ சிற்பமோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அந்த விலையிலே ஒரு பங்கு, பத்து விழுக்காட்டுக்கு மேற்படாமல், படைத்தவருக்கு அல்லது அவருடைய வாரிசுக்கு. பிரெஞ்சு நாடு 1920இலேயே இத்தகைய உரிமையைத் தந்தது. நம் சட்டம் பங்கை வரையறுக்கும் பொறுப்பை ஒரு வாரியத்திடம் விட்டது. 2021க்குப் பிறகு வணிக நீதிமன்றத்திடம் விட்டிருக்கிறது. ஆனால் எந்த ஓவியன் வீட்டு வாசலிலே அந்தப் பங்கு வந்து நின்றது? ஏட்டிலே கரும்பு என்றால் இதுதான். எம். எஃப். உசேன் 1954இலே தீட்டிய ‘கிராம யாத்ரா’ 2025 மார்ச்சிலே நியூயார்க்கில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு விற்றது. அமெரிக்காவிலே இத்தகைய நாடுதழுவிய சட்டமே இல்லை. அது அவர்கள் பாடு. சட்டம் இருக்கிற நாட்டிலே கேட்பவர் இல்லையே, இது யார் பாடு?

கேட்க வேண்டுமானால் முதலில் யார் யாரிடம் எவ்வளவுக்கு விற்றார் என்பது தெரிய வேண்டும். துண்டு விலக வேண்டும். விலகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் சான்று. அவ்வூர் நடராசர் திருடப்பட்டுக் கடல் கடந்தார். நியூயார்க்கிலே சுபாஷ் கபூரின் காட்சியகம், பளபளக்கும் முகப்பு, பொய்யான முன்வரலாறு, போலிப் பத்திரங்கள். 2008இலே ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. 2014இலே திருப்பித் தந்தது. கபூருக்குச் சிலைக்கடத்தல் வழக்கொன்றிலே 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. அண்டசராசரத்தை ஆட்டுவிப்பவர் என்று பாடப்பட்டவர், தம்மை ஆட்டுவித்த தரகரைத் தடுக்கவில்லை என்பதைப் பக்தர்கள் சிந்திக்கட்டும். நாம் சிந்திக்க வேண்டியது, சரியான சீட்டு கேட்டிருந்தால் அந்த வாணிபம் நடந்திருக்குமா என்பதை.

சீட்டு, கணக்கு என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. வாலாஜாபாத்திலிருந்து பேருந்திலே போய்விடலாம். பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை என்று கொண்டாடுகிறோமே, அது. வேதம் ஓதியவனும் நிலமுடையவனுமே குடத்திலே பெயரிடத்தக்கவன் என்று விதித்த பார்ப்பனச் சபை அது. அதைக் குடியாட்சியின் கொழுந்து என்று பாடுவோர் பாடட்டும். ஆனால் அந்தச் சபைகூட, பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் தகுதியற்றவர் என்று தள்ளிற்று. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னே வைதீகர்கள் தமக்குள்ளே கேட்ட கணக்கை, இன்று நவீனம் பேசும் வெள்ளை அறைகளிலே கேட்டால் ‘நாகரிகக் குறைவு’ என்கிறார்களே!

தனியாகக் கேட்டால் குறைவுதான். கூடிக் கேட்டால்? கொச்சியிலே 2012 முதல் நடக்கும் பியன்னாலே கண்காட்சி, சந்தை அன்று, எனினும் பாடம் ஒன்றே. 2022 டிசம்பரிலே அதன் திறப்பு கடைசி நேரத்திலே தள்ளிப் போயிற்று. பங்கேற்ற கலைஞர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஒரே மடலிலே கையெழுத்திட்டுத் தங்கள் குறைகளை ஊரறியச் சொன்னார்கள். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த கண்காட்சிகளிலே அவர்கள் பெயரைச் சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்திருந்தால் அந்த மடல் எழுதப்பட்டிருக்காது. நெசவாளிக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு. அதிலே குறையும் உண்டு, ஆயினும் கூலி எவ்வளவு என்று சங்கப் பலகையைப் பார்த்துக் கேட்க முடியும். மகனுக்கு, அந்தக் கலைஞனுக்கு, எந்தப் பலகை?

எழுத்திலே ஒப்பந்தம், விற்ற விலைக்குச் சீட்டு, பணம் தரும் நாள், 53ஏ பிரிவின் பங்கு. இந்த நான்கையும் ஓவியர் சங்கம் கேட்க வேண்டும்; நேர்மையான காட்சியகத்தாரும் கூடவே நின்று கேட்கலாம், அவருக்கும் அது காப்பு.

போகிற போக்கிலே நம் வீட்டுச் செய்தி ஒன்று. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சிறு கோயில்களிலே இராசசிம்மன் தன் பட்டப்பெயர்களை வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டான். உளி பிடித்தவன் பெயர் அந்த வரிசையிலே இல்லை. மன்னராட்சியின் ஆணவம் என்று மேடையிலே முழங்குகிறோம். நாமும் ஊர்தோறும் தலைவர்களுக்குச் சிலை வைத்திருக்கிறோம். பீடத்தின் பளிங்கிலே திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், நன்கொடை தந்தவர் பெயர், நாள், கிழமை எல்லாம் உண்டு. நாளைக் காலை உங்கள் ஊர்ச் சிலையருகே போய்ப் பாருங்கள், வடித்தவர் பெயர் எந்த வரியிலே இருக்கிறது என்று.