கருத்துக் கேட்கிறார்கள், வாயைத் திறப்போம்!



பத்தில் ஆறு. இந்தக் கணக்கு நாம் போட்டதல்ல. 2017 ஆகஸ்ட் மாதம் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னது. 60 வயதைத் தாண்டிய சீனர்களில் பத்துக்கு இரண்டரை பேருக்கு நீரிழிவு. மலாய்க்காரர்களில் ஐந்து பேருக்கு. இந்தியர்களில் ஆறு பேருக்கு! உங்கள் வீட்டுப் பெரியவர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

உடனே நமக்கு என்ன சொல்கிறார்கள்? பரோட்டாவைக் குறையுங்கள், தே தாரிக்கில் சீனி வேண்டாம், தினமும் நடங்கள். சரி, குறைப்போம். ஆனால் 12 மணி நேரம் செக்யூரிட்டி வேலை பார்க்கும் அண்ணனும், விடியுமுன் எழுந்து புளோக் புளோக்காகக் கூட்டும் அக்காவும் இன்னும் எவ்வளவு நடக்க வேண்டுமாம்?

2022 செப்டம்பரில் ஹெல்தியர் எஸ்ஜி வெள்ளை அறிக்கை வந்தது. அதற்கு முன் சுகாதார அமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அக்டோபரில் நாடாளுமன்றம் அதை ஏற்றது. தொடக்கச் செலவு மட்டும் ஒரு பில்லியன் வெள்ளிக்கும் மேல். 40 வயதானவர்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால் முதல் சந்திப்பு இலவசம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. இன்னும் பதியாதவர்கள் இந்த வாரமே பதிந்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒரு கேள்வி. கருத்துக் கேட்ட அந்த மாதங்களில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா? நம்மில் பெரும்பாலோருக்குக் கேட்டதே தெரியாது. இணையத்தில், ஆங்கிலத்தில், வேலை நேரத்தில் கேட்டால் யார் காதில் விழும்? அதற்காக அமைச்சின் மீது மட்டும் பழி போட முடியாது. தெரிந்த சிலரும், "நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது" என்று இருந்துவிட்டோம்.

நம் தாத்தாமார் ரப்பர் தோட்டத்தில் டிரெசர் கொடுத்த மருந்தை வாங்கிக் குடித்தார்கள். அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நம்மிடம் கேட்கிறார்களே! 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். இத்தனை சிறிய கூட்டம் வாய்மூடி இருந்தால் அறிக்கையில் ஒரு வரிகூட நமக்காக இருக்காது.

இது பிச்சை கேட்பதல்ல. பணம் நம்முடையது. 2024 முதல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. பேரங்காடியில் ஒரு பை அரிசி வாங்கினாலும் கட்டுகிறோம். மூப்படையும் மக்களின் மருத்துவச் செலவுக்குத்தான் அந்த உயர்வு என்று அரசாங்கமே சொன்னது. சிறுபான்மையினரின் நலனை இடைவிடாமல் பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது அரசியல் சட்டத்தின் 152-ஆவது பிரிவு. தமிழ் அதிகாரத்துவ மொழி என்கிறது 153ஏ பிரிவு. ஆகவே ஆங்கிலம் வராது என்று கூச்சப்படாதீர்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

என்ன எழுதுவது? பெரிய பெரிய வார்த்தை வேண்டாம். பலதுறை மருந்தகம் ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கிறது, சனிக்கிழமை அரை நாள்தான். நாள் சம்பளக்காரர் கண்ணையும் பாதத்தையும் காட்ட ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. கால் விரல் மரத்துப்போனதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டு வருகிறார் அம்மா. இதை எழுதுங்கள். தமிழ் பேசும் தாதியர் வேண்டும், மாலை நேரப் பரிசோதனை வேண்டும், கருத்துக் கேட்கும் கூட்டத்தை ஞாயிறு மாலை தேக்காவில் தமிழில் நடத்துங்கள் என்று கேளுங்கள். தமிழர் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதைத் தள்ளினீர்கள் என்றும் கேளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும், வழக்கமாகப் பிப்ரவரியில், வரவு செலவுத் திட்டம். அதற்கு முன்பே நிதியமைச்சும் ரீச் அமைப்பும் கருத்துக் கேட்கும். இணையம் தெரியாதா? பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் இரவு எது என்று அண்டை வீட்டாரிடம் கேட்டு, நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.