பதிவேட்டில் ஏறாத பேதி: உணவுவழி நோய்களைக் கணக்கிடுவது குறித்து எங்கள் நிலைப்பாடு

மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் அனுப்பும் எண்ணிக்கையை உணவுவழி நோய்களின், குடல் நோய்களின் முழுச் சுமையாகக் கொள்ளக் கூடாது. வீடுகளிலிருந்து தொடங்கும் ஆய்வை, பிற நாடுகளோடு ஒப்பிடத்தக்க வரையறையில் இந்தியா தொடர்ந்து நடத்த வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

வயிறு கெட்டால் ஒரு நாள் மோரும் கஞ்சியும். அடங்காவிட்டால் மருந்துக்கடை மாத்திரை. அதற்கும் நிற்காதபோதுதான் டாக்டர். அவர் மலப் பரிசோதனைக்கு எழுத வேண்டும். நோயாளி கூச்சப்படாமல் மாதிரி கொடுக்க வேண்டும். கிருமி பிடிபட வேண்டும். முடிவு மேலே போய்ச் சேர வேண்டும். எந்தப் படியில் விட்டுப்போனாலும் அந்த நோய் கணக்கில் வராது.

எவ்வளவு விட்டுப்போகிறது என்பதைப் பிரிட்டன் அளந்து பார்த்தது. 2008-09இல் நடந்த ஆய்வின்படி, தேசியக் கண்காணிப்பில் பதிவாகும் ஒரு குடல் தொற்றுக்குச் சமூகத்தில் சுமார் 147 பேர் நோயுறுகிறார்கள். மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டின் நிலை இது. அதற்காக 147ஐ எடுத்து நம் எண்ணிக்கையோடு பெருக்கிவிட முடியாது. டாக்டரிடம் போகும் வழக்கமும் ஆய்வக வசதியும் நாட்டுக்கு நாடு வேறு. பெருக்கும் எண்ணை அவரவர் மண்ணில்தான் கண்டறிய வேண்டும்.

கேட்கும் முறையும் விடையை மாற்றும். அதே ஆய்வில் தொலைபேசியில் நினைவைக் கேட்டுப் பெற்ற விகிதம், வாரந்தோறும் பின்தொடர்ந்து பெற்றதைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தது. எதை நோயாக எண்ணுவது என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறியதால், பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரு பொது வரையறையை 2008இல் முன்வைத்தார்கள்: 24 மணி நேரத்தில் 3 முறையோ அதற்கு மேலோ பேதி, அல்லது வாந்தி. நாட்பட்ட குடல்நோய், கர்ப்பம் போன்ற வேறு காரணங்களால் வருபவை இதில் சேரா.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீடு 31 காரணிகளை ஆராய்ந்தது. 2010ஆம் ஆண்டில் 60 கோடிப் பேர் உணவால் நோயுற்றதாகவும் 4.2 லட்சம் பேர் இறந்ததாகவும் அது கணித்தது. இறந்தவர்களில் 1.25 லட்சம் பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். 60 கோடி என்பது 42 முதல் 96 கோடி வரை இருக்கலாம் என்றும் அந்த அறிக்கையே சொல்கிறது. இந்த அகலமான இடைவெளியை மதிப்பீட்டின் தோல்வியாக நாங்கள் பார்க்கவில்லை. பல நாடுகளில் நேரடித் தரவு இல்லாததன் அளவு அது.

பேதியை மட்டும் எண்ணுவதும் போதாது. வேலூர் உட்பட 8 நாடுகளின் 8 இடங்களில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த மால்-எட் ஆய்வு, பேதியே இல்லாத குழந்தைகளின் மலத்திலும் நோய்க்கிருமிகளைக் கண்டது. சில கிருமிகள் ஓசையின்றி வளர்ச்சியைக் குறுக்குகின்றன. மரணத்தை மட்டும் எண்ணாமல், இழந்த நலவாழ்வு ஆண்டுகளையும் கணக்கிடும் அளவுகோல் அதனால்தான் தேவை.

நாங்கள் கோருவன:

1. பொது வரையறையில், எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கி, வீட்டுவாரி ஆய்வு நடத்த வேண்டும்.
2. தேர்ந்தெடுத்த மையங்களில் மல, இரத்தக் கல்ச்சர் பரிசோதனைகளை நோயாளிக்குச் செலவின்றிச் செய்ய வேண்டும்.
3. நோய் உணவால் வந்ததா, தண்ணீராலா, கால்நடையாலா என்று பிரித்தறிய உணவுப் பாதுகாப்பு, கால்நடை, சுகாதாரத் துறைகள் தரவைப் பகிர வேண்டும்.
4. வெளியிடும் ஒவ்வொரு எண்ணுடனும் அதன் கீழ், மேல் எல்லைகளையும் தர வேண்டும்.
5. அதிக நோயைப் பதிவு செய்யும் மாவட்டத்தைக் குறை சொல்லக் கூடாது.

கடைசிக் கோரிக்கையே எங்களுக்கு முதன்மையானது. தேடுகிற இடத்தில்தான் நோய் அகப்படும். எண்ணிக்கை கூடினால் கேள்வி வரும் என்று அஞ்சும் அலுவலர் தேடுவதை நிறுத்திவிடுவார். பதிவேடு சுத்தமாகும், குழந்தைகளின் வயிறு ஆகாது.