பூர்வோத்தரம் விசாரிப்பவர்களுக்கு

ஆவடி என்றதும், 1955-ல் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையும் அது போட்ட 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானமுமே என் நினைவுக்கு வரும். அதே ஆவடியில்தான் 1965-ல் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. டாங்கி செய்கிற இடத்துக்கு மதில் வேண்டும். உள்ளே வருகிற வெளியாளின் பூர்வோத்தரத்தையும் விசாரிக்கத்தான் வேண்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் விசாரிக்கிற லட்சணம்? எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர், வேறெங்கோ ஒரு ராணுவ வளாகத்துக்கு வேலைக்குப் போனார். "போலீஸ் சான்று வரவில்லை" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். காரணம் கேட்டார், சொல்லவில்லை. ஒரு மாதக் கூலி போயிற்று. பிறகுதான் தெரிந்தது, வாடகை வீடு மாறியவரைப் பழைய விலாசத்தில் தேடியிருக்கிறார்கள்! குடக்கூலிக்காரன் வீடு மாறுவது ராஜத்துரோகமா?

1985-ல் டில்லியில் ஒற்றர் கும்பல் அகப்பட்டதே, அதில் ரகசியத்தை விற்றவர்கள் கொத்தனார்களா? பிரதமர் அலுவலக ஊழியர்களே அதில் இருந்தார்கள்!

விசாரியுங்கள், ஐயா. ஆனால் தவணை சொல்லி விசாரியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். பதில் சொல்ல அவருக்கும் இடம் கொடுங்கள். இதனால் தேசத்தின் காவல் குறையாது. குமாஸ்தாவின் வேலைதான் சற்றுக் கூடும். சோஷலிசத் தீர்மானம் போட்ட மண்ணில் இவ்வளவு கேட்பது அதிகப்படியா?