வேரைப் பார்க்காமல் வழியைப் பாருங்கள்



அண்மையில் கொட்டாஞ்சேனையில் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்றால் ஒரு வாடகை அறைதான். யன்னலோரம் ஒரு தையல் இயந்திரம், பக்கத்தில் வெட்டி வைத்த சட்டைத் துணிகள். அவருடைய மகன் கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். எங்கோ வெளிநாட்டுக் காடு. தலைக்கவசம் போட்ட ஒரு பெண் வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் சைக்கிளில் சறுக்கி இறங்குகிறாள்.

“அம்மா, இங்க பாருங்கோ. என்ன மாதிரி ஓடுறா!” என்றான் மகன்.

அம்மா ஒருதரம் எட்டிப் பார்த்தார். “இதில என்ன இருக்கு? நானும் இப்பிடித்தான் ஓடினனான். எனக்குக் கரியரில உன்ர அம்மம்மா, முன்பாரில உன்ர அக்கா. அவ தனியத்தானே ஓடுறா” என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். ஆனால் வீடு திரும்பும்போது அந்தப் பேச்சு என்னோடு கூடவே வந்தது.

அவர் சொன்னது 1996ஆம் ஆண்டுக் கதை. அந்த ஆண்டு கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது, சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கமாகப் போனது. பெரிய றோட்டில் போக முடியாத இடங்களில் காட்டுப் பாதைதான். அதற்கு முந்திய ஆண்டு, ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நகர்ந்தபோதும் சைக்கிள்தான் துணை. நெரிசலில் ஏறி ஓட முடியாமல் மூட்டைகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனோம். பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள்தான் எங்கள் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாமே. பற்றரி கிடைக்காத காலத்தில் அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தியும் கேட்டோம்.

நாங்கள் உயிர் பிழைப்பதற்காகக் கற்ற அந்த ஓட்டத்துக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மவுண்டன் பைக்கிங் என்பார்கள். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பாய்ஸ் மலைப்பக்கத்து இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களைத் தேடி எடுத்து மண்பாதைகளில் இறக்கினார்கள். 1976 ஒக்டோபரில் அங்கு நடந்த ஒரு போட்டிக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருதரம் இறங்கி முடிக்கும்போது பின்சில்லுப் பிறேக்கின் கிறீஸ் சூட்டில் எரிந்துவிடும். திரும்ப அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். அந்தத் தொடக்கக் கூட்டத்தில் வெண்டி கிராக் என்ற பெண்ணும் ஓடினார். அந்த நாட்களைப் படம் பிடித்து வைத்தவரும் அவரே. இருபது வருடத்தில் அது ஒலிம்பிக்குக்குப் போனது. 1996இல் அத்லாந்தாவில் முதன்முதலாகப் பெண்களுக்கான தங்கத்தை இத்தாலியின் பாவோலா பெற்சோ வென்றார். யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டில்தான் எங்கள் சகோதரி தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வன்னிக் காட்டில் உழக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் அயலிலும் ஒரு கதை உண்டு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பிள்ளையை இருத்த முன்பார் வசதி என்றும் கண்டுகொண்டார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் இன்னொருவரை எதிர்பார்த்து நிற்கும் நிலை குறைந்தது.

சரி, காட்டுப் பாதையில் ஓடுவது எப்படி? இந்த விளையாட்டைப் பழக்குபவர்கள் சொல்வதையும் எங்கள் சகோதரி சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசமில்லை.

முதலாவது கண். பயந்து வேரையே பார்த்தால் சில்லு வேரில்தான் போகும். பத்துப் பதினைந்து அடி முன்னால், போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது உடம்பு. கரடுமுரடான இடத்தில் சீற்றில் இருக்கக் கூடாது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, எழுந்து நின்று முழங்காலையும் முழங்கையையும் சற்று மடக்க வேண்டும். அடியை அவை வாங்கிக்கொள்ளும். இறக்கத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஏற்றம் தொடங்க முதலே இலேசான கியருக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது பிறேக். இறக்கத்தில் முன்பிறேக்கை மட்டும் இறுக்கினால் ஹாண்டிலுக்கு மேலால் பறப்போம். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் போய்ப் பிடிக்காமல், வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மழையில் நனைந்த வேர் சவர்க்காரம் மாதிரி. அதைச் சாய்வாகக் கடந்தால் வழுக்கும், நேர்குறுக்கே கடக்க வேண்டும். மணலில் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், உழக்குவதை நிறுத்தாமல் போக வேண்டும். ரயரில் காற்றுக் கொஞ்சம் குறைவாக இருந்தால் நிலத்தை நன்றாகப் பிடிக்கும். தலைக்கவசம் கட்டாயம். அன்று எங்களிடம் அது இருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வடக்கில் எந்தக் காட்டுப் பாதையிலும் இறங்கலாம் என்று நான் சொல்லவில்லை. போர் முடிந்தது 2009இல். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. அந்த வேலையில் எங்களைப் போன்ற பெண்கள் பலர் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறுகிறார்கள். ஆகவே சனம் நாளாந்தம் பாவிக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம். மண்டையோட்டுப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். மலையகத்தில் வசதி உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கூடான பழைய பாதைகளை இணைத்து, கண்டியின் ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு நீளும் ‘பீக்கோ’ பாதை இப்போது இருக்கிறது. அங்கே கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் சகோதரிகளுக்கு அந்தச் சரிவுகள் புதிதல்ல.

இனிக் கொட்டாஞ்சேனைச் சகோதரியிடம் வருவோம். “பிறகு ஏன் ஓடேல்லை?” என்று அன்று கேட்டேன். அவர் தையலை நிறுத்தினார். அது கணவரின் சைக்கிள். 2009 ஏப்ரலில் மாத்தளன் பக்கம் அதை மண்ணில் சாய்த்துவிட்டு, மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கணவர் வரவில்லை. “சைக்கிளைத் தொட்டால் அந்த இடம்தான் ஞாபகம் வரும். அதோட, கொழும்பில பொம்பிளையள் சைக்கிள் ஓடுறதை எங்க கண்டனீங்கள்? சனம் சிரிக்கும்” என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. காயம் ஆறுவதற்கு எல்லாருக்கும் ஒரே காலக்கணக்கு இல்லை. சிலருக்குச் சைக்கிள் மருந்தாகும், சிலருக்கு ஆகாது.

இரண்டு கிழமை கழித்து அவரே அழைத்தார். வெள்ளவத்தையில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளையிடம் ஒரு கியர்ச் சைக்கிள் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு, சனம் எழும்ப முதல், மரைன் டிரைவுக்குப் போனோம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் பூட்டிய கடைகள். மகன் பின்னால் பிடிக்க வந்தான். “விடு” என்றார். முதல் ஐந்து யார் ஆட்டம். பிறகு நேரானது. எங்கள் கண்ணுக்கு மறையும்வரை போனார். திரும்பி வர நெடுநேரம் எடுத்ததுபோல் எனக்கு இருந்தது.

வந்து இறங்கியவர் சுடிதார்த் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார். அழுதாரா, வியர்வையா என்று நான் கேட்கவில்லை. “பிறேக் நல்லாப் பிடிக்குது” என்றார். பிறகு மகனிடம், “அடுத்த கிழமையும் கேட்டு வை” என்றார்.

சகோதரிகளே, ஓடத் தெரிந்தே ஓடினோம். உயிருக்காக ஓடியதை ஒருநாள் காற்று வாங்கவும் ஓடலாம். உங்கள் முதற் சைக்கிளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.