துயருறும் பிள்ளைகளும் மலையகப் பாடசாலைகளும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டபோது பிள்ளைகள் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்தனர். அதனால் அவர்கள் உயிர் தப்பினர். ஆனால் திரும்பிச் செல்ல லயன் வீடு இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் அதே அவலம் பன்மடங்காகத் திரும்பியது.

இத்தகைய வேளைகளில் கொப்பிகளும் சீருடைகளும் வழங்கப்படுகின்றன. அவை அவசியமானவையே. எனினும், பிள்ளையின் மனத்துயரை எவர் கவனிக்கின்றனர் என்பதே எமது கேள்வியாகும்.

இந்துக்களின் கருமக்கிரியைகள், இஸ்லாமியரின் மூன்று நாள் துக்கம், கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாட்களுமான இத்தா என வளர்ந்தோரின் துயருக்கு நாளும் முறையும் வகுக்கப்பட்டுள்ளன. பிள்ளையின் துயருக்கு அத்தகைய கால எல்லை இல்லை. சற்றுமுன் விளையாடிய பிள்ளை மறுகணம் அழும். விளையாடுவதைக் கண்டு, மறந்துவிட்டது என நாம் முடிவுசெய்து விடுகின்றோம்.

வகுப்பறையில் அத்துயர் வேறு வடிவங்களில் வெளிப்படுகின்றது. கவனச்சிதறல், முடிக்கப்படாத வீட்டுவேலை, அடிக்கடி வயிற்றுவலி, காரணமற்ற சண்டை, மழை இருண்டால் வரவின்மை என்பன அவற்றுட் சில. இவற்றைச் சோம்பலென்றும் ஒழுக்கக்கேடென்றும் கருதித் தண்டிப்பது, காயத்தின் மீதே அடிப்பதற்கு ஒப்பானதாகும்.

"அம்மா வெளியூர் போயிருக்கிறார்" என்று கூறுவதும் தவறாகும். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குச் சென்று பெற்றோர் திரும்பிவரும் தோட்டங்களில், பிள்ளை அதனை நம்பிக் காத்திருக்கும். மரணத்தை எளிய சொற்களில் உண்மையாகவே கூற வேண்டும்.

ஆசிரியர் வைத்தியராக வேண்டியதில்லை. வழமையான நேரசூசி, அதே இருக்கை, அதே நண்பர்கள், பேச வற்புறுத்தாமல் செவிமடுக்கும் ஓர் ஆசிரியர் ஆகியனவே பிள்ளைக்குப் பெரும் பற்றுக்கோடாகும். பல மாதங்களாகியும் தேறாத பிள்ளையை உளநல வைத்தியரிடம் அனுப்பத் தயங்கலாகாது. தாயை இழந்த வீட்டில் மூத்த பெண்பிள்ளை தம்பி, தங்கையரைப் பராமரிப்பதற்காகப் பாடசாலையை விட்டு நிற்பதையும் அதிபர்கள் கண்காணிக்க வேண்டும்.

2004 ஆழிப்பேரலையின்போது அம்பாறையில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒருங்கே உறவுகளை இழந்தனர். அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களின் அனுபவத்தை நுவரெலியா, ஹட்டன் கல்வி வலயங்கள் கேட்டறிந்து, ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஓர் ஆசிரியருக்கேனும் இதில் பயிற்சியளிக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரே இது நிகழவேண்டும் என வலியுறுத்துகின்றோம்.